ஒரு கமா விலை 50 லட்சம் டாலர்! ஆங்கிலம் எழுதும்போது நம்ம ஊர்க்காரங்க தடுக்கி விழுற இடங்கள்

'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'... தமிழ்நாட்டுல பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்த வரி மறக்காது. காய்ச்சலே இல்லாத நாள்களிலும் நாம எழுதின வரி இது. சரி, அந்த லீவ் லெட்டர்ல கமா எங்கே வரும்னு ஞாபகம் இருக்கா? 'ஃபீவர்' முடிஞ்ச உடனே. 'ஆஸ்'னு ஆரம்பிக்கிற பகுதி காரணம் மட்டும்தான் சொல்லுது, அது முழு வாக்கியம் இல்லை. அது முடியும் இடத்துல ஒரு கமா போட்டாத்தான் அடுத்து வரும் 'ஐ ரிக்வெஸ்ட் யூ' தனியா தெரியும். பெரும்பாலான லீவ் லெட்டர்கள்ல அந்த கமா இருக்காது. கடைசியில 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யில் மட்டும் தேவையே இல்லாம ஒரு அப்பாஸ்ட்ரஃபி ( ' ) தொங்கும். 'யுவர்ஸ்' என்ற சொல்லுக்கு அப்பாஸ்ட்ரஃபியே கிடையாது. எப்போதும் கிடையாது.

பள்ளிக்கூடத்துல இதைப் பெருசா யாரும் கண்டுக்கலை. ஆனா திருச்சியில் படிப்பை முடிச்சிட்டு முதல் ரெஸ்யூமே தயார் பண்ணும்போது, ஐஇஎல்டிஎஸ் எழுதும்போது, வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு முதல் மெயில் அனுப்பும்போது இதே புள்ளிகள் முன்னால வந்து நிக்கும். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் மதிப்பெண்ணுக்கு நான்கு அளவுகோல்கள். அதில் ஒன்று இலக்கணத்தின் வீச்சும் துல்லியமும். நிறுத்தற்குறிகளும் அந்தக் கணக்கில்தான் வரும்.

நமக்கு ஏன் இவ்வளவு குழப்பம்?

ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனா ஒரு நிமிஷம் மதில் சுவரைப் பாருங்க. அங்கே 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கு. சோழர், பாண்டியர், ஹொய்சாளர், விஜயநகர அரசர்கள் காலத்துப் பதிவுகள். நிலம் யாருக்கு, விளக்குக்கு எவ்வளவு நெய், யார் கொடுத்த தானம்னு எல்லாமே சொத்து சம்பந்தப்பட்ட சீரியஸான விஷயங்கள். ஆனா கமா இல்லை, ஃபுல் ஸ்டாப் இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல இடைவெளிகூடக் கிடையாது. மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளியையும் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கினால் ஆரம்பம்னு அர்த்தம். ஓலைச்சுவடியில் 'முற்றிற்று' என்றிருந்தால் முடிஞ்சதுன்னு அர்த்தம். குறிகள் செய்ய வேண்டிய வேலையைச் சொற்களே செய்தன.

அது எப்படி சமாளிச்சாங்க? தமிழோட அமைப்பே அப்படி. ஆங்கிலம் குறியை வைத்துச் செய்யும் பல வேலைகளை நாம விகுதியை வைத்துச் செய்கிறோம். கேள்வி கேட்கணுமா? 'வந்தான்' கூட ஒரு 'ஆ' சேர்த்தா 'வந்தானா'. கேள்விக்குறியே இல்லைன்னாலும் அது கேள்விதான். பட்டியல் போடணுமா? 'அண்ணனும் தம்பியும் மாமாவும்'. 'உம்' இருக்கு, கமா வேண்டாம். ஒருத்தர் சொன்னதைச் சொல்லணுமா? 'என்று' இருக்கு, மேற்கோள் குறி வேண்டாம். வினைச்சொல் கடைசியில் வருவதால், வாக்கியம் எங்கே முடியுதுன்னு காதுக்கே தெரியும்.

இன்டர்நெட்ல சுத்துற அந்த ஆங்கில ஜோக் உங்களுக்கும் வந்திருக்கும். கமா இல்லைன்னா பாட்டியையே சாப்பிட்டுடுவோம், கமா போட்டா பாட்டியைச் சாப்பிடக் கூப்பிடுவோம் என்கிற ஜோக். தமிழ்ல இந்த ஜோக்கே எடுபடாது. 'பாட்டி சாப்பிடலாம் வாங்க'ன்னு எந்தக் குறியும் இல்லாம எழுதினாலும் பாட்டிக்கு ஆபத்து இல்லை. ஆபத்து வரணும்னா 'பாட்டியை'ன்னு ஒரு 'ஐ' வரணும். பாட்டி உயிரைக் காப்பாத்துறது நம்ம ஊர்ல கமா இல்லை, இரண்டாம் வேற்றுமை உருபு.

நிறுத்தற்குறிகள் ஐரோப்பிய அச்சுப் புத்தகங்கள் வழியாத்தான் தமிழுக்கு வந்தன. 19-ம் நூற்றாண்டில் அவற்றை உரைநடையில் ஒழுங்காகப் பயன்படுத்திப் பரப்பியவர்களில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் முக்கியமானவர். நாம அந்தக் குறிகளுக்கு வெச்ச பேர்கள் அருமையானவை. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு! எவ்வளவு நேரம் மூச்சை நிறுத்தணும் என்ற அளவு. இதுல ஒண்ணும் தப்பில்லை. கி.மு. 3-ம் நூற்றாண்டு வாக்கில் அலெக்சாண்ட்ரியா நூலகத்தில் இருந்த அரிஸ்டோஃபனீஸ் என்ற அறிஞர் கிரேக்க எழுத்துகளுக்குப் புள்ளி வைக்கத் தொடங்கினதும் வாசிப்பவர் எங்கே நிறுத்தணும் என்பதற்காகத்தான்.

சிக்கல் என்னன்னா, இன்றைய ஆங்கிலத்தில் குறிகள் மூச்சுக்காக இல்லை, இலக்கணத்துக்காக. 'மூச்சு விடுற இடத்துல கமா போடு'ன்னு வகுப்பில் கேட்ட அறிவுரை பாதி சரி, பாதி ஆபத்து. பெரிய எழுவாய் வந்தா அது முடிஞ்சதும் நாம மூச்சு விடுவோம். ஆனா எழுவாய்க்கும் வினைக்கும் நடுவுல ஒற்றை கமா போட்டா ஆங்கிலத்தில் அது தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. தமிழ்ல நாம எப்படிப் பேசுவோம்? 'காலேஜுக்குப் போய், ஹெச்ஓடியைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, சர்டிஃபிகேட்டைக் கொடுத்துட்டு வந்தேன்.' எத்தனை கமா வேணும்னாலும் போடலாம். ஏன்னா முற்று ஒண்ணே ஒண்ணுதான், 'வந்தேன்'. மத்ததெல்லாம் எச்சம். இதே பழக்கத்தில் ஆங்கிலத்துல 'ஐ வென்ட் டு காலேஜ், ஐ மெட் தி ஹெச்ஓடி, ஐ காட் தி சிக்னேச்சர்' என்று எழுதினால், அங்கே மூன்றும் தனித்தனி முழு வாக்கியங்கள். முழு வாக்கியங்களை வெறும் கமாவால ஒட்டக் கூடாது. இந்தத் தப்புக்கு 'கமா ஸ்ப்ளைஸ்'னு பேர். ஃபுல் ஸ்டாப் வைங்க, இல்லைன்னா 'அண்ட்' மாதிரி ஒரு இணைப்புச் சொல் போடுங்க, இல்லைன்னா செமிகோலன். ஆங்கில மீடியத்துல படிச்சவங்ககூட அதிகமா செய்யும் பிழை இதுதான் என்பது மெயில்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த முடிவு.

ஃபீஸ் கட்டினவங்க மட்டுமா, எல்லாருமா?

காலேஜ் சர்க்குலர் ஒண்ணு வருதுன்னு வெச்சுக்கோங்க. 'தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஹேவ் பெய்ட் தி ஃபீஸ் கேன் ரைட் தி எக்ஸாம்.' கமா இல்லை. அப்படின்னா ஃபீஸ் கட்டினவங்க மட்டும் எழுதலாம். இப்ப 'ஸ்டூடன்ட்ஸ்' பின்னாடி ஒரு கமா, 'ஃபீஸ்' பின்னாடி ஒரு கமா போடுங்க. அர்த்தம் தலைகீழா மாறிடும். எல்லா மாணவர்களும் எழுதலாம், அவங்க எல்லாரும் ஃபீஸ் கட்டிட்டாங்கன்னு போற போக்குல ஒரு தகவல். ரெண்டு கமாவுக்கு நடுவுல இருப்பதைத் தூக்கிட்டாலும் வாக்கியம் நிக்கணும் என்பதுதான் கணக்கு. தமிழ்ல 'ஃபீஸ் கட்டிய மாணவர்கள்' என்று பெயரெச்சம் முன்னாடியே வந்து ஒட்டிக்கும். கமா போட அங்கே இடமே இல்லை. அதனால இந்த வித்தியாசம் நம்ம காதுக்குப் பழகவே இல்லை.

இது வெறும் இலக்கண விளையாட்டுன்னு நினைச்சா, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லாரி டிரைவர்களைக் கேட்கணும். ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் மீது 2014-ல் டிரைவர்கள் ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு மாநிலச் சட்டத்தில் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. அதன் கடைசியில், 'அனுப்புவதற்காக அல்லது விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுதல்' என்றும் படிக்கலாம், 'அனுப்புவதற்காகப் பொட்டலம் கட்டுதல், அல்லது விநியோகித்தல்' என்றும் படிக்கலாம் என்பது போல ஒரு வரி. 'அல்லது'க்கு முன்னால கமா இல்லை. டிரைவர்கள் செய்வது விநியோகம். 'நாங்க பொட்டலம் கட்டலையே, அப்ப இந்த விலக்கு எங்களுக்குப் பொருந்தாது'ன்னு வாதாடினார்கள். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைவர்கள் பக்கம் நின்றது. 2018-ல் 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. இதுக்கு நடுவுல மாநில சட்டமன்றம் அந்தப் பட்டியலைத் திருத்தி, கமா இருந்த இடமெல்லாம் செமிகோலன் போட்டது. பட்டியலில் 'அண்ட்', 'ஆர்' சொற்களுக்கு முன்னால் போடும் அந்த கடைசி கமாவுக்குத்தான் 'ஆக்ஸ்ஃபோர்டு கமா'ன்னு பேர்.

கனடாவிலும் 2006-ல் ஒரு டெலிகாம் ஒப்பந்தத்தில் ஒரு கமாவால் சுமார் 10 லட்சம் கனடா டாலர் கைமாறும் நிலை வந்தது. அடுத்த வருஷம் அதே ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்தார்கள். அதில் குழப்பமே இல்லை. முடிவு மாறிப்போச்சு!

நம்ம நாட்டிலும் உண்டு. மருந்து, அழகுப் பொருள்கள் சட்டத்தின் 27-ம் பிரிவு. விற்பனைக்காகத் தயாரிப்பது, விற்பது, 'ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்' என்று ஆங்கிலத்தில் வரிசை போகும். 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் கமா இல்லை. போலி மருந்தை ஒருவர் சும்மா இருப்பு வைத்திருந்தாலே இந்தப் பிரிவில் குற்றமா, இல்லை விற்பதற்காக வைத்திருந்தால்தான் குற்றமா? 1979 தொகுப்பில் பதிவான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த இல்லாத கமாவைச் சுட்டிக்காட்டியது. கமா இல்லாததால் 'ஃபார் சேல்' என்பது 'ஸ்டாக்ஸ்'க்கும் சேர்த்துத்தான், விற்பனை நோக்கம் இருந்தால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்றது. ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போறதா இல்லையான்னு தீர்மானிக்கிற இடம் அது. அதே உச்ச நீதிமன்றம் 1952-ல் வேறொரு வழக்கில், சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தற்குறி ஒரு சிறிய அம்சம்தான் என்றும் சொல்லியிருக்கிறது. பொருள் தெளிவா இருந்தா கமா அதை மாற்றிவிட முடியாது, பொருள் ஊசலாடும்போதுதான் கமாவைத் தேடிப் போவார்கள். வீட்டு வாடகை ஒப்பந்தமோ, கம்பெனி பாண்டோ, கையெழுத்துப் போடும் முன்னாடி இந்த 'ஆர்' இருக்கும் வரிகளை ரெண்டு தடவை படிங்க.

தொங்குற கொம்பு

அப்பாஸ்ட்ரஃபிக்கு வருவோம். திருச்சியில் இதுக்கு நல்ல உதாரணம் செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரி. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்தது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுத ஒரு புள்ளியும் ஒரு அப்பாஸ்ட்ரஃபியும் வேணும். 'எஸ்.டி.' எழுத்துகளுக்குப் பின்னாடி புள்ளி, அப்புறம் ஒரு இடைவெளி, 'ஜோசப்' முடிஞ்சு அப்பாஸ்ட்ரஃபி, அதுக்குப் பின்னாடி 'எஸ்'. ரெஸ்யூமேவில் புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லாம ஒட்டியிருக்கும், இல்லைன்னா கொம்பே காணாமப் போயிருக்கும். பிரிட்டிஷ் பாணியில் 'செயின்ட்', 'டாக்டர்', 'மிஸ்டர்' சுருக்கங்களுக்குப் புள்ளி வேண்டாம், ஏன்னா சொல்லின் கடைசி எழுத்து இருக்கிறது. அமெரிக்கப் பாணியில் புள்ளி வேணும். ஆனா ஒரு நிறுவனத்தின் பெயர்னு வந்தா, அவங்க எப்படி எழுதுறாங்களோ அப்படியே எழுதணும். உங்க மார்க்‌ஷீட்டைப் பாருங்க, அதுதான் விடை.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மலைக்கோட்டை வரைக்கும் நடந்துபோனா ஆங்கில போர்டுகளில் அப்பாஸ்ட்ரஃபிகள் இஷ்டத்துக்குத் தொங்கும். பன்மைக்கு ஒரு 'எஸ்' சேர்க்கும்போது, சும்மா இருக்கட்டுமேன்னு ஒரு கொம்பு. லண்டன் காய்கறிக் கடைக்காரங்களும் இதே வேலையைத்தான் செய்றாங்க, அங்கே இந்தப் பிழைக்கே 'மளிகைக்காரர் அப்பாஸ்ட்ரஃபி'ன்னு கிண்டல் பெயர் உண்டு. நம்ம ஆளுங்க தனியா இல்லை. ஆனா நமக்கு இது புரிய ஒரு சுலப வழி இருக்கு. தமிழ்ல யோசிங்க. 'பையன்கள்'னா கொம்பு இல்லை, 'பையனுடைய'ன்னா கொம்பு உண்டு. 'பையன்களுடைய'ன்னா 'எஸ்' முடிஞ்சு அதுக்குப் பின்னாடி கொம்பு. 'கள்' வேற, 'உடைய' வேறன்னு நமக்குக் குழப்பமே வந்ததில்லையே! எம்எல்ஏ-க்கள், ஏடிஎம்-கள், 1990-கள் எல்லாமே 'கள்' ரகம், ஆங்கிலத்தில் கொம்பு வேண்டாம்.

'இட்ஸ்' மட்டும் எதிர்ப்பக்கம் போகும். 'அதனுடைய' என்றால் கொம்பு இல்லை. 'அது இருக்கிறது' என்பதன் சுருக்கமா இருந்தாத்தான் கொம்பு. காதுக்கு ரெண்டும் ஒண்ணு என்பதால் ஆங்கிலேயர்களே தினமும் தப்பு பண்றாங்க. சந்தேகம் வந்தா 'இட் இஸ்'னு விரிச்சுப் படிங்க. பொருந்தினா கொம்பு, பொருந்தலைன்னா இல்லை.

இனிஷியல், பின்கோடு, லட்சம்

இனிஷியல் புள்ளி தமிழர்களுக்கே உரிய தலைவலி. சுஜாதாவின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன். படியிறங்குவதைக் காட்ட எழுத்துகளையே படிப்படியா இறக்கி அச்சிட வெச்ச அந்த ஸ்ரீரங்கத்துக்காரர் பெயரிலும் ஒரு இனிஷியல். அப்துல் கலாமுக்கு மூணு, அவுல் பக்கீர் ஜெய்னுலாப்தீன். ஆங்கிலத்தில் இனிஷியலுக்குப் பின் புள்ளி, புள்ளிக்குப் பின் பெயர் தொடங்கும் முன் ஓர் இடைவெளி. இதுதான் வழக்கமான முறை. புள்ளியே வைக்காமல் எழுதுவதும் பிழையில்லை. ஆனா பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலே அனுமதி இல்லை, விரித்து எழுதணும். பேங்க்ல புள்ளியோட ஒரு பெயர், ஆதாரில் இனிஷியல் பின்னாடி வர ஒரு பெயர், பான் கார்டில் அப்பா பெயர் முழுசா வர ஒரு பெயர்னு ஒரே ஆளுக்கு மூணு பெயர் உருவாகிறது இப்படித்தான். இங்கே எது இலக்கணப்படி சரி என்பது முக்கியமில்லை. எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம்.

முகவரியில் பின்கோடுக்கு முன்னால ஒரு சின்னக் கோடு போடுவது நம்ம நாட்டுப் பழக்கம். 'ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி - 620006'. அது அப்படியே இருக்கட்டும். கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இடம் விடுங்க, போதும்.

எண்களில் வரும் கமாதான் உண்மையில் காசு பறிக்கும். நாம 12,50,000 என்று எழுதுவோம், பன்னிரண்டரை லட்சம். அமெரிக்க, பிரிட்டிஷ் கிளையன்ட்டுக்கு அதே தொகை 1,250,000. நம்ம கமா அவங்களுக்கு ஏதோ எண் விட்டுப்போன மாதிரி தெரியும். ஜெர்மனிக்கு அனுப்பினா இன்னும் வேடிக்கை. அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்கு கமா. நாம 1,250 என்று எழுதும் ஆயிரத்து இருநூற்று ஐம்பதை ஜெர்மன்காரர் ஒன்றேகால் என்று படிக்க முடியும். ஃப்ரீலான்ஸ் பண்றவங்க இன்வாய்ஸ்ல தொகையை எழுத்தாலும் எழுதிடுங்க.

மெயில் டைப் பண்ணும்போது

நம்ம ஊர் மெயில்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டும் விஷயம், கமாவுக்கும் கேள்விக்குறிக்கும் முன்னால விடும் இடைவெளி. குறி எப்பவும் முந்தைய சொல்லோட ஒட்டியிருக்கணும், இடைவெளி அதுக்குப் பின்னாடி. இல்லைன்னா மொபைல் ஸ்கிரீனில் வரி உடையும்போது அந்த கமா அனாதையா அடுத்த வரி ஆரம்பத்துல போய் உட்காரும். ஹெச்ஆர் அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. 'டியர் சார்' பின்னாடி ஒரு கமா போதும். கமாவும் கோடும் சேர்ந்து வேண்டாம். மூணு ஆச்சரியக்குறி வேண்டவே வேண்டாம்.

செமிகோலன் பிடிக்கலைன்னா விட்டுடுங்க. 1490-களில் வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனுஷியஸ் அதை அச்சில் கொண்டுவந்தார், அழகான குறிதான். ஆனா அது இல்லாமலே நல்ல ஆங்கிலம் எழுதலாம். கோலன் பட்டியலுக்கு முன்னாடி, அவ்வளவுதான்.

நீளமான கோடு, 'எம் டேஷ்', இப்ப கெட்ட பெயர் வாங்கிட்டிருக்கு. அது வந்தாலே 'சாட்ஜிபிடி எழுதினது'ன்னு சந்தேகப்படுறாங்க. பாவம், கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே இருந்த குறி அது. போன் கீபோர்டில் ஹைஃபனை அழுத்திப் பிடிச்சா அது கிடைக்கும். தைரியமா போடுங்க, ஆனா ஒரு பாராவுக்கு ஒண்ணுக்கு மேல போட்டா சந்தேகப்படுறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

வாட்ஸ்அப்ல மட்டும் வேற சட்டம்

மெயிலுக்குச் சொன்னதை அப்படியே சாட்டில் செஞ்சா சண்டை வரும். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015 டிசம்பரில் வெளியானது. ஒரு வார்த்தையில் பதில் அனுப்பும்போது கடைசியில் ஃபுல் ஸ்டாப் இருந்தா, அந்தப் பதில் மனசார வரலைன்னு மாணவர்கள் நினைச்சாங்க. அதே பதில் கையால் எழுதின துண்டுச்சீட்டில் இருந்தப்ப அப்படித் தோணலை. சாட்டில் சென்ட் பட்டனே முற்றுப்புள்ளி. அதுக்கு மேல ஒரு புள்ளி வெச்சா கதவைச் சாத்தின மாதிரி ஆயிடுது.

பெரியவங்க கதை வேற. 'ஓகே...' என்று மூணு புள்ளி வெச்சு மாமா ஒருத்தர் அனுப்பினா கோபம்னு அர்த்தமில்லை. அவர் பேப்பரில் எழுதிப் பழகின ஆள், வாக்கியத்தைச் சும்மா தொங்க விடக் கூடாதுன்னு நினைக்கிறார். 'சரிப்பா.' என்று அப்பா அனுப்பும் ஃபுல் ஸ்டாப்பும் அந்த ரகம்தான். அதே 'சரி.' உங்க ஃப்ரெண்ட்கிட்ட இருந்து வந்தா மட்டும் உடனே கால் பண்ணிடுங்க.